இரு நாட்டுக்கும் 'துரோகி'

இந்தியாவில் எங்காவது மதத்தின் பெயரால் கலவரமோ கொலையோ நடந்தால், சில மணி நேரத்துக்குள் ஓர் உருதுக் கவிதை செல்போன்களில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. பெயர் 'நயா பாரத்'. புதிய இந்தியா. எழுதியவர் பாகிஸ்தானைச் சேர்ந்த ஃபஹ்மிதா ரியாஸ். மதத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடி, பட்டுத் தெளிந்த வீட்டுக்காரி, பக்கத்து வீட்டிலும் அதே ஆட்டம் தொடங்கியதைப் பார்த்து நமுட்டுச் சிரிப்பு சிரிக்கும் தொனி. வாழ்த்துச் சொல்வதுபோல் ஆரம்பிக்கும் கிண்டல், போகப் போகக் கசந்துவிடும்.

அதை அனுப்புகிறவர்களில் பலருக்கு எழுதியவரைப் பற்றி அதிகம் தெரியாது. 'பாகிஸ்தான்காரி நம்மைக் கேலி செய்வதா?' என்று கொதிப்பவர்களுக்கும் தெரியாது. ஃபஹ்மிதா பிறந்தது உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில். ஏறக்குறைய ஏழு வருடங்கள் தில்லியில் அடைக்கலமாக வாழ்ந்தவர். அந்தத் தில்லி வாசத்துக்காகவே பாகிஸ்தானில் 'இந்திய ஏஜெண்ட்' என்று பெயர் வாங்கியவர். பிறகு அதே தில்லியில், இந்தியாவை அவமதித்ததாக அவர் முன்னால் துப்பாக்கி உருவப்பட்டது. இரண்டு நாடுகளிலும் ஒரே மாதிரி வசவு வாங்குவதற்குத் தனி யோக்கியதை வேண்டும்.

ஃபஹ்மிதாவின் தந்தை கல்வித் துறையைச் சேர்ந்தவர். வேலை நிமித்தம் குடும்பம் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் குடியேறியது. சிறுமிக்கு நான்கு வயது இருக்கும்போது தந்தை இறந்துவிட, வளர்த்து ஆளாக்கியது தாய். வீட்டில் பேசியது உருது. தெருவில் கேட்டது சிந்தி. பிறகு பாரசீகமும் படித்தார். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த விவரத்தில்தான் அவருடைய பிற்கால வாழ்க்கையின் பாதி இருக்கிறது.

பிரிவினைக்குப் பின் இந்தியாவிலிருந்து போன உருது பேசும் முஸ்லிம்கள் கராச்சியிலும் ஹைதராபாத்திலும் பெருமளவில் குடியேறினார்கள். சிந்தி பேசும் மண்ணின் மக்களுக்கும் அவர்களுக்கும் இடையே மொழிப் பூசல் புகைந்துகொண்டே இருந்தது. 1972 ஜூலையில் சிந்தியை மாகாண ஆட்சிமொழியாக்கும் மசோதா வந்தபோது கராச்சியில் ரத்தமே சிந்தியது. மொழிக்காகத் தெருவில் இறங்குவது என்றால் என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில், உருது வீட்டில் வளர்ந்த பெண் சிந்திக் கவிதையை உருதுவில் மொழிபெயர்ப்பது வெறும் இலக்கியக் காரியமாக இருக்க முடியாது.

அவர் மொழிபெயர்த்த சிந்திக் கவிஞர் ஷேக் அயாஸும் லேசுப்பட்டவர் அல்ல. அயூப் கான் ஆட்சியில் அவருடைய புத்தகங்கள் தடை செய்யப்பட்டன. 1965 யுத்தத்தின்போது சிறைக்குப் போனார். எல்லையின் எதிர்ப்பக்கம் நிற்கும் 'எதிரி' தன் கவிஞர் நண்பர் நாராயண் ஷ்யாம் அல்லவா என்று திகைக்கும் ஒரு கவிதை அவருடையது. பிரிவினையில் இந்தியாவுக்கு வந்துவிட்ட சிந்தி இந்து, ஷ்யாம். 1970இல் நமது சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். யுத்தம் நடக்கும்போது எதிரி நாட்டுக்காரரின் பெயரைச் சொல்லி உருகினால் எந்த அரசுதான் பொறுத்துக்கொள்ளும்? அந்த அயாஸை உருது வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் ஃபஹ்மிதா.

முதல் தொகுப்பு 'பத்தர் கி ஸபான்' (கல்லின் மொழி) 1967இல் வந்தது. கல்லூரி நாட்களில் அயூப் கானின் மாணவர் சங்கத் தடையை எதிர்த்துப் பேசினார். ரேடியோவில் செய்தி வாசித்தார். வீட்டில் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. அங்கே பி.பி.சி. உருது சேவையில் வேலை, திரைப்படக் கலையில் படிப்பு, ஒரு பெண் குழந்தை. கடைசியில் விவாகரத்து. 1973இல் கராச்சி திரும்பியதும் ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தார்.

அந்த வருடம் வெளிவந்த 'பதன் தரீதா' (கிழிபட்ட உடல்) உருது இலக்கிய உலகத்தை உலுக்கிவிட்டது. பெண்ணின் ஆசை, கர்ப்பம், உடல் என்று உருதுப் பெண் கவிஞர்கள் அதுவரை ஜாடையாகவும் பேசத் தயங்கியதை அவர் நேராகப் பேசியிருந்தார். ஆபாசம் என்றார்கள். பரபரப்புக்கு அலைகிறார் என்றார்கள். முப்பது வருடம் கழித்துத் தமிழில் குட்டி ரேவதி, சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர்மீது நம் ஊர்ப் பெரியவர்கள் பாய்ந்தபோது எடுத்த அதே ஆயுதங்கள். துரு ஏறியும் கூர் மழுங்காத ஆயுதங்கள்.

ஆனால் அந்தத் தொகுப்பை உடலைப் பற்றிய புத்தகம் என்று மட்டும் பார்ப்பது தவறு. அதில் அக்லீமா பற்றிய ஒரு கவிதை உண்டு. காயீன், ஆபேல் கதை நமக்குத் தெரியும். உலகத்தின் முதல் கொலை. அந்தச் சகோதரர்களுக்கு ஒரு சகோதரி இருந்தாள் என்கிறது இஸ்லாமியக் கதை மரபு. சண்டையே அவளுக்காகத்தான். அவள் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டவன் அவளோடும் பேசட்டும், அவளையும் ஒரு கேள்வி கேட்கட்டும் என்கிறார் ஃபஹ்மிதா. அண்ணன் தம்பி சண்டையில் அகப்பட்ட பெண். இந்தியா, பாகிஸ்தான் பற்றி அவர் பின்னால் எழுதிய எல்லாவற்றுக்கும் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

1977 ஜூலையில் ஜெனரல் ஜியா-உல்-ஹக் ஆட்சியைப் பிடித்தார். 1979இல் ஹுதூத் சட்டங்கள் வந்தன. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணே கள்ள உறவுக் குற்றவாளியாக நிற்க நேர்ந்த சட்டங்கள் அவை. 'சாதரும் சார் தீவாரியும்' என்பது ஆட்சியின் கோஷம். பெண்ணுக்கு உடல் மறைக்கத் துணியும், வெளியே போகாதிருக்க நாலு சுவரும்.

இந்தச் 'சாதர்' தமிழில் மொழிபெயர்ப்பவரைப் படுத்தும் சொல். முக்காடு என்றால் சிறிதாகிவிடுகிறது. போர்வை என்றால் குளிருக்குப் போர்த்துவதுபோல் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் புழங்கிய 'துப்பட்டி'தான் கிட்டத்தட்டச் சரி. ஆனால் நம் பாட்டிமார்களின் துப்பட்டி வெள்ளை. ஃபஹ்மிதாவின் கவிதையில் வருவது கறுப்பு, கறுப்பாகத்தான் இருந்தாக வேண்டும். ஏனென்றால் 'சாதர் அவுர் சார் தீவாரி' என்ற அந்தக் கவிதையில், ஆட்சியாளர் தரும் கறுப்புத் துணியைப் பெண் மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்து, இது எனக்குத் தேவையில்லை, மூடி மறைக்க வேண்டியவை உங்களிடம்தான் இருக்கின்றன என்கிறாள். அந்த மரியாதையில்தான் அடி விழுகிறது.

இரண்டாவது கணவர் இடதுசாரி அரசியல்வாதி, சிந்திக்காரர். ஃபஹ்மிதா 'ஆவாஸ்' (குரல்) என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். அது ராணுவ ஆட்சியின் கண்ணில் பட எத்தனை நாள் ஆகும்? பதினான்கு வழக்குகள் போடப்பட்டன. அவற்றில் ஒன்று 124-ஏ பிரிவின் கீழ் ராஜத்துரோகம். கணவர் சிறைக்குப் போனார். பத்திரிகை மூடப்பட்டது. ஃபஹ்மிதாவை அவருடைய கவிதையின் ரசிகர் ஒருவர் ஜாமீனில் எடுத்தார். இந்தியாவில் முஷாயிராவுக்கு வந்திருந்த அழைப்பைச் சாக்காக வைத்து, 1981இல் குழந்தைகளோடு எல்லை தாண்டிவிட்டார்.

124-ஏ நமக்கும் பழக்கமானதுதான். 1870இல் பிரிட்டிஷார் இந்திய தண்டனைச் சட்டத்தில் சொருகிய பிரிவு. திலகரையும் காந்தியையும் வ.உ.சி.யையும் உள்ளே தள்ளியது. 1908இல் 'இந்தியா' பத்திரிகைமீது ராஜத்துரோக வழக்கு வந்து, சட்டப்படி அதன் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானபோது, உண்மையில் எழுதிக்கொண்டிருந்த பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். பத்து வருடம் திரும்பவில்லை. பத்திரிகை, ராஜத்துரோகம், பக்கத்து ஆட்சிப் பகுதியில் தஞ்சம், அங்கிருந்தபடி கவிதையும் மொழிபெயர்ப்பும். வெள்ளைக்காரன் போன பிறகும் இரண்டு நாடுகளும் அந்தப் பிரிவை எண்கூட மாற்றாமல் வைத்துக்கொண்டன. பாகிஸ்தானில் 2023 மார்ச்சில் லாகூர் உயர் நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ராஜத்துரோகம் என்ற சொல் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பது பற்றிய 152ஆவது பிரிவு இருக்கிறது. பெயர் மாறியதே தவிர ஆள் மாறவில்லை என்கிறார்கள் விமர்சகர்கள்.

தில்லியில் ஃபஹ்மிதாவுக்குக் கை கொடுத்தவர் பஞ்சாபிக் கவிஞர் அம்ருதா ப்ரீதம். பாகிஸ்தானுக்குப் போய்விட்ட குஜ்ரன்வாலாவில் பிறந்து, 1947இல் அகதியாக இந்தியா வந்தவர். மீரட்டில் பிறந்து பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்தவருக்காக அவர் இந்திரா காந்தியிடம் பேசினார். அடைக்கலம் கிடைத்தது. ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகம் கவிஞர் என்ற தகுதியிலேயே அவரைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. குழந்தைகள் இந்தியப் பள்ளிகளில் படித்தார்கள். கணவரும் பிறகு வந்து சேர்ந்தார்.

ஜாமியாவில்தான் ஃபஹ்மிதா தேவநாகரி எழுத்தையும் இந்தி படிக்கவும் கற்றார். அவருடைய கவிதைக்குள் காலிபின் பாரசீகச் சொற்களைவிடக் கபீரின் சொற்கள் அதிகமாக நுழைந்தன. பாகிஸ்தானின் உருதுப் பண்டிதர்களுக்கு இது உறுத்தியது. இதைப் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கோ அனுகூலம். உருது எழுத்து தெரியாமல் தேவநாகரிப் பதிப்பில் அவரைப் படிக்கும் தென்னாட்டுக்காரருக்கு, அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டியிராத உருதுக் கவிஞர் அவர்.

இந்தியா அவருக்குச் சொர்க்கமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சம் கொடுத்த இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31 அன்று கொல்லப்பட்டார். அடுத்த மூன்று நாட்கள் சீக்கியர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்த தலைநகரில்தான் ஃபஹ்மிதா குடியிருந்தார். 'நயா பாரத்'தில் கேலி செய்தது தூரத்திலிருந்து கேள்விப்பட்ட இந்தியாவை அல்ல, குடியிருந்து பார்த்த இந்தியாவை. பிற்பாடு மூன்று குறுநாவல்கள் எழுதினார். 'ஸிந்தா பஹார்' வங்கதேசம் பற்றி, 'கோதாவரி' இந்தியா பற்றி, 'கராச்சி' அவருடைய சொந்த நகரம் பற்றி. ஒரே வீடாக இருந்து மூன்றாக உடைந்ததை மூன்று புத்தகத்திலும் பிடிக்கப் பார்த்தார்.

1987 டிசம்பரில், பெனாசிர் புட்டோவின் திருமண நேரத்தில் ஃபஹ்மிதா பாகிஸ்தான் திரும்பினார். ஜியா அப்போதும் ஜனாதிபதி. மறு வருடம் ஆகஸ்டில் விமானம் வெடித்து ஜியா இறந்தார், பெனாசிர் பிரதமரானார், ஃபஹ்மிதா தேசியப் புத்தக நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். அது நீடிக்கவில்லை. நவாஸ் ஷெரீப் வந்ததும் பதவி போயிற்று. 'இந்திய ஏஜெண்ட்' பட்டம் வந்தது. பெனாசிர் வந்தால் நாற்காலி, நவாஸ் வந்தால் வசை என்று அந்தப் பத்து வருடம் ஓடியது. ஆட்சியாளரை எதிர்த்து எழுதியவர் ஏன் ஒரு கட்சியின் நிழலில் போய் நின்றார் என்று அவரை மதிப்பவர்களே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அவருடைய அரசியல் கவிதைகளில் சில மேடையோடு முடிந்துபோகிற கோஷங்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இந்துத்துவ அரசியல் ஓங்கிய பிறகு எழுதிய 'நயா பாரத்' அந்த ரகம் அல்ல. 1998 மே மாதத்தில் பொக்ரானிலும் சாகாயிலும் அணுகுண்டுகள் வெடித்தன. இரண்டு நாட்டிலும் இனிப்பு வழங்கினார்கள். 1999இல் வாஜ்பாயியின் லாகூர் பஸ் பயணம் முடிந்த சில மாதங்களில் கார்கில். சமாதானம் என்று பேசினாலே சந்தேகமாகப் பார்த்த அந்த நாட்களுக்குப் பிறகு, 2000 ஏப்ரல் கடைசியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இந்திய-பாகிஸ்தான் முஷாயிரா நடந்தது.

ஃபஹ்மிதா கவிதை படித்தார். கூட்டத்திலிருந்த இரண்டு இந்திய ராணுவ அதிகாரிகளுக்கு அது நாட்டை இழிவுபடுத்துவதாகப் பட்டது. கூச்சல், தள்ளுமுள்ளு. ஒருவர் துப்பாக்கியை உருவினார். மாணவர்கள் அதிகாரிகளைப் பிடித்து நன்றாகவே அடித்துவிட்டார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போயிற்று. சமாதானக் கவியரங்கில் துப்பாக்கி வந்ததும் அடிதடி நடந்ததும் யாருக்கும் பெருமையில்லை. எல்லையில் சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் என்பதையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கவிஞரின் கேலி முதலில் விழுவது தன் நாட்டின் மீதுதான் என்பது அன்று யார் காதிலும் ஏறவில்லை. இப்போது செல்போனில் அனுப்பும்போதும் பாதிப் பேர் அதைக் கவனிப்பதில்லை. பாகிஸ்தானில் 'பார், இந்தியாவும் அப்படித்தான்' என்று சந்தோஷப்பட அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அவர் கண்ணில் பட்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு கவிதை கிடைத்திருக்கும்.

கூச்சல்களுக்கு நடுவே ஓசைப்படாமல் நடந்துவந்தது மொழிபெயர்ப்பு வேலை. ஈரானின் ஃபரூக் ஃபரூக்ஸாதை உருதுவுக்குக் கொண்டுவந்தார். 'பதன் தரீதா'வைத் திட்டியவர்கள் ஃபரூக்ஸாதை ஈரானில் திட்டியவர்களின் உறவினர்களாகத்தான் இருக்க வேண்டும். ரூமியின் கஜல்களை உருதுவாக்கினார். பாகிஸ்தானில் மதத்தின் பெயரால் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் அதே மதத்திலிருந்து ரூமியை எடுத்து முன்னால் வைத்தது தற்செயல் அல்ல. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான். எதிரி என்று சொல்லப்பட்ட ஆளின் மொழியைப் படித்து, அவன் பாட்டைத் தன் மொழியில் பாடிக் காட்டினார். முழங்காமல் செய்த சமாதான வேலை.

2009இல் கராச்சியிலுள்ள உருது அகராதி வாரியத்தின் தலைமை ஆசிரியரானார். பாகிஸ்தானின் மாபெரும் சொல்லாக்கப் பணி அது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொரு சொல்லும் எப்போது, எங்கே, எந்தப் பொருளில் வந்தது என்று மேற்கோளோடு காட்டும் அகராதி. 1958இல் வாரியம் தொடங்கியது. முதல் தொகுதி வெளிவர 1977 ஆயிற்று. இருபத்திரண்டாவது, கடைசித் தொகுதி 2010இல் வெளிவந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் ஃபஹ்மிதா. ஆபாசக்காரி, துரோகி, இந்திய ஏஜெண்ட் என்றெல்லாம் அழைக்கப்பட்டவரின் மேற்பார்வையில்தான் பாகிஸ்தானின் தேசிய மொழிக்கான பேரகராதி நிறைவு பெற்றது. இதைப் பற்றி எதிரிகள் அதிகம் பேசவில்லை.

அந்த வேலைக்கு அவர் வந்தபோது உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்தார். தில்லியில் வளர்ந்த அவருடைய மகன் 2007 அக்டோபரில் அமெரிக்காவில் நண்பர்களோடு நீந்தப் போய் மூழ்கி இறந்துவிட்டான். அவனுக்கு அவர் வைத்திருந்த பெயர் கபீர். இந்துவும் முஸ்லிமும் தங்களவர் என்று சொந்தம் கொண்டாடும் அந்த நெசவாளிக் கவிஞரின் பெயர். எழுபது வயதைக் கடந்த பிறகு, 2017இல், ஃபஹ்மிதா கடைசியாக ஒரு கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தார். தலைப்பு 'தும் கபீர்'. நீ, கபீர்.

மறு வருடம் நவம்பர் 21 அன்று லாகூரில் இறந்தார். மீரட்டுக்குப் பிறகு ஹைதராபாத், லண்டன், கராச்சி, தில்லி, மறுபடி கராச்சி என்று அலைந்தவருக்குக் கடைசி வீடு லாகூரில் மகள் வீடு. அங்கிருந்து வாகா எல்லை அரை மணி நேரப் பயணம்.